தோன்றாத் துணை

(திருப்பாதிரிப்புலியூர் வைகாசிப் பெருவிழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



பெரியநாயகி அம்மையுடன் பாடலேசுவரப் பெருமான் திருவீதி எழுந்தருளி வந்து, நம் கண்ணும் நெஞ்சும் குளிர்ந்திருக்கின்ற இவ்வேளையில், அடியேனையும் நாலு வார்த்தை பேசும்படி விழாக் குழுவினர் பணித்திருக்கின்றனர். 'வனமும் தவமும்' என்பது அவர்கள் கொடுத்த தலைப்பு. அந்தத் தலைப்பைக் கேட்டவுடன், ஓராண்டாக நான் விடை சொல்லாமல் வைத்திருந்த ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது. அதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் என் இல்லத்துக்கு வந்தார். சென்னையிலே கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் நல்ல ஊதியம் பெறுகிறவர். திருநீறு பூசிய நெற்றி, பணிவான பேச்சு. "ஐயா, ஊரும் கூட்டமும் எனக்கு வெறுத்துவிட்டன. மூன்று ஏக்கர் நிலம் பார்த்து வைத்திருக்கிறேன். கிணறு வெட்டி, கூரை வேய்ந்து, வேண்டியதை நானே விளைத்து, எவரையும் சாராமல் இருந்துவிடப் போகிறேன். வியாக்கிரபாத முனிவர் தில்லைவனத்தில் வாழ்ந்ததும் இப்படித்தானே? சைவம் இதை ஒப்புமா?" என்று கேட்டார்.

ஒப்பும் என்று சொல்ல நா எழுந்தது. ஆனால் சொல் வரவில்லை. "பிறகு வாருங்கள்" என்று திருநீறு கொடுத்து அனுப்பிவிட்டேன். ஏன் வரவில்லை என்பதைக் கடைசியிலே சொல்லுகிறேன். முதலில் அவர் எடுத்துக்காட்டிய முனிவரிடமே போவோம்.

தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். உப்பங்கழியின் ஓரத்தில், உவர்ச் சேற்றில் வேர் ஊன்றி வளரும் மரம் அது. கிளையை ஒடித்தால் வெண்மையான பால் வடியும். அது கண்ணிலே பட்டால் பார்வைக்கே கேடு. உதிர்வதற்கு முன் இலைகள் சிவந்து காட்டும். இன்று சிதம்பர நகரத்துக்குள் தில்லைவனம் இல்லை. அம்மரத்தைக் காண விரும்புவோர் கிழக்கே பிச்சாவரத்துக் கழிகளுக்குப் போக வேண்டும். வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் இடையே அது இன்னும் பசுமையாக நிற்கிறது. அப்படிப்பட்ட நச்சுப் பால் மரக் காட்டுக்குத்தான் மத்தியந்தன முனிவர் தம் மைந்தரை அனுப்பினார். வசதிக்காக அங்கே ஒருவரும் போவதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

அங்கே ஆல நிழலில் எழுந்தருளியிருந்த திருமூலட்டானப் பெருமானை மைந்தர் நாள்தோறும் மலரிட்டு வழிபட்டார். பொழுது விடிந்தபின் பறித்தால் வண்டு முந்திக்கொள்கிறது. விடியுமுன் ஏறினால் இருள் மறைக்கிறது. பனியில் கிளை வழுக்குகிறது. பெருமான் வெளிப்பட்டு, வேண்டுவது யாது என்றான். அவர் என்ன கேட்டார்? பூப்பறிக்க ஓர் ஏவலாள் கேட்டாரா? கையெட்டும் உயரத்தில் மரங்களைத் தாழ்த்தித் தரச் சொன்னாரா? இல்லை. வழுக்காமல் ஏறப் புலியின் கையும் காலும் வேண்டும், இருளிலே மலர் தெரிய அவற்றில் கண்ணும் வேண்டும் என்றார். பணி எளிதாக வேண்டும் என்று கேட்கவில்லை. பணிக்குத் தாம் தகுதியாக வேண்டும் என்று கேட்டார். தன் கையால் வாழ்தல் என்பதற்கு நம் சமயம் காட்டும் முதல் இலக்கணம் இதுதான். அவர் வழிபட்ட காரணத்தாலேதான் தில்லை பெரும்பற்றப்புலியூர் ஆயிற்று. நம் ஊர் திருப்பாதிரிப்புலியூர் ஆயிற்று. எருக்கத்தம்புலியூர், ஓமாம்புலியூர், கானாட்டம்புலியூர் என்ற பெயர்களும் அவர் கால்பட்ட தடங்களே.

இத்தோடு கதை முடிந்துவிட்டால் அந்த இளைஞர் சொன்னது முழுதும் சரி. ஆனால் முடியவில்லை. முனிவருக்குத் திருமணம் நடந்தது, வசிட்டரின் தங்கையாரை மணந்தார், உபமன்யு பிறந்தான். குழந்தையை அருந்ததியம்மையார் எடுத்துச் சென்று காமதேனுவின் பால் ஊட்டி வளர்த்தார். திரும்பி வந்த பிள்ளை பால் கேட்டு அழுதது. தில்லைவனத்துக் குடிசையில் பால் ஏது? தாய் மாவைக் கரைத்துக் கொடுத்தார். பிள்ளை உமிழ்ந்துவிட்டு மேலும் அழுதது.

அன்பர்களே, இந்த இடத்திலே சற்று நில்லுங்கள். வழுக்கும் மரத்தை வென்றவர், இருளை வென்றவர், தம் பசியை வென்றவர், பிள்ளையின் பசிக்கு முன்னே கையற்று நிற்கிறார். புலிக்கையால் மலர் பறிக்கலாம். பால் கறக்க முடியுமா? குழந்தையைக் கொண்டுபோய்ப் பெருமான் திருமுன் விட்டனர். பெருமான் பாற்கடலையே வரவழைத்துக் கொடுத்தான். 'என்னால் ஆகும்' என்பது முடிகிற இடம் ஒன்று எந்தத் தவசிக்கும் உண்டு. அந்த இடத்தில்தான் துணை என்பது விளங்கும்.

இந்தத் தலத்து இறைவனுக்கு என்ன திருநாமம்? தோன்றாத் துணைநாதர். பெயர் வழங்கியவர் யார்? கல்லோடு பிணித்துக் கடலிலே தள்ளப்பட்டு, இந்த ஊரிலே கரையேறிய அப்பர் பெருமான். அவர் கரையேறிய இடத்தைக் கரையேறவிட்டகுப்பம் என்று இன்றும் காட்டுகிறோம். இதே ஊரிலேதான் முன்னர் அவர் சமண் பாழியில் தருமசேனர் என்று பெரும் சிறப்போடு இருந்தார். சூலைநோய் வந்தபோது அந்தச் சிறப்பில் ஒரு துளியும் அவருக்கு உதவவில்லை. எல்லாவற்றையும் விட்டு, இரவோடு இரவாகத் திருவதிகைக்குத் தமக்கையாரிடம் போய் விழுந்தார்.

அந்தத் தமக்கையார் எப்படி வாழ்ந்தார்? பெற்றோர் மறைந்தனர், மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டார். தாமும் உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பியின் அழுகைக்காக உயிர் தாங்கினார். பொன் பூணாமல், நந்தவனம் வைத்து, விடியுமுன் திருவலகிட்டு, திருமெழுக்கிட்டு, மாலை தொடுத்து, தனியே வாழ்ந்தார். எளிய வாழ்வு, தம் கையால் ஆன வாழ்வு. ஆனால் அந்தத் தனிமைக்குள்ளே தம்பியார் எப்போதும் இருந்தார். தம்பிக்கு அது தெரியாது. பாழியில் பாராட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை காலமும், தமக்காக அதிகையிலே ஒருவர் கண்ணீர் விட்டுக்கொண்டிருப்பதை அறியாதவராகவே அவர் இருந்தார். இறைவனைத் தோன்றாத் துணை என்று உணர்ந்தவருக்கு, அந்தத் துணை முதலில் தமக்கை வடிவிலே வந்திருந்தது என்று அடியேன் எண்ணுவதுண்டு.

இனித் தில்லைக்கே வருவோம். நம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. மெய்கண்டார் தோன்றியது திருப்பெண்ணாகடம். அருணந்தி சிவத்தின் ஊர் திருத்துறையூர். மறைஞான சம்பந்தர் பெண்ணாகடப் பகுதியிலே தோன்றித் தில்லையை அடைந்தவர். உமாபதி சிவமோ தில்லைவாழ் அந்தணருள் ஒருவர். சந்தான குரவர் நால்வரும் இந்த மண்ணோடு தொடர்புடையவர்கள். உமாபதி சிவனார் தம் நூல்களுள் ஒன்றான சங்கற்ப நிராகரணத்தில் சக ஆண்டு 1235 என்று காலமும் குறித்திருக்கிறார், அது கி.பி. 1313. ஆகையால் எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி இது. என் ஆசிரியர் சொல்லக் கேட்ட முறையிலேயே சொல்லுகிறேன்.

பூசை முடித்த உமாபதியார், கோயில் மரியாதைகளோடு பல்லக்கில் ஏறி, பகலிலே தீவட்டி முன் செல்ல, வீதியில் போய்க்கொண்டிருந்தார். திண்ணையில் இருந்த மறைஞான சம்பந்தர், பட்டுப்போன மரத்தின்மேல் பகலிலே கண் தெரியாத ஒன்று போகிறதே என்னும் கருத்துப்பட ஒரு சொல் சொன்னார். வேறொருவராயிருந்தால் ஆட்களை ஏவியிருப்பார். உமாபதியாரோ பல்லக்கிலிருந்து குதித்தார்; அவர் பின்னே ஓடினார். நெசவாளர் வீதியில் பாவுக்குக் காய்ச்சிய கஞ்சியைக் குருநாதர் இரு கையாலும் ஏந்திக் குடிக்க, முழங்கையில் வழிந்ததை இவர் பிரசாதமாக ஏற்றார். அவ்வளவுதான், ஊர் இவரை விலக்கியது. தில்லைக்குப் புறத்தே கொற்றவன்குடியில் மடம் அமைத்துக்கொண்டு இருந்தார். பின்னாளில் கொடியேறாமல் நின்றபோது அவர் பாடிய கொடிக்கவியால் கொடியேறிய வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். ஆகையால் அதை விரிக்கவில்லை.

நான் விரிக்க விரும்புவது கொற்றவன்குடியின் அடுப்பை.

அந்த மடத்து அடுப்புக்கு நாள்தோறும் ஒருவர் விறகு கொண்டுவந்து போட்டார். பெயர் பெற்றான் சாம்பான். தீண்டத்தகாதவர் என்று அக்காலம் ஒதுக்கி வைத்த குலத்திலே பிறந்தவர். வருவார், சுமையை இறக்குவார், போவார். ஒருநாள் பெருமழை. விறகு வரவில்லை. திருவமுது காலம் தாழ்ந்தது. காரணம் என்ன என்று உமாபதியார் கேட்டார். விறகு கொண்டுவருகிறவர் வரவில்லை என்றார்கள். பிறகு அவர் வந்தபோது, விறகோடு ஓர் ஓலையும் வந்தது. அது அம்பலவாணப் பெருமான் அவர் கையிலே கொடுத்த ஓலை. இவருக்குத் தீக்கை செய்து முத்தி கொடுப்பாயாக என்பது அதன் பொருள்.

எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஊர் விலக்கியவர். மற்றவர் ஊர் ஒருநாளும் சேர்த்துக்கொள்ளாதவர். ஊருக்கு வெளியே இருந்த இந்த இருவருக்கும் இடையிலே சென்றது பெருமானுடைய ஓலை. சாத்திரம் எட்டு அருளிய ஆசிரியர். அவர் வீட்டு அடுப்பு எரிவது யாரால் என்பதைப் பெருமானே எழுதி அறிவிக்க வேண்டியிருந்தது! உமாபதியார் ஒரு கணமும் தயங்கவில்லை. தீக்கை செய்தார், சாம்பானார் சோதியில் கலந்தார். கணவரைக் காணாமல் அவர் மனைவியார் அரசனிடம் முறையிட்டார். சான்று கேட்டு வந்த அரசன் முன்னே, அங்கே நின்ற முள்ளிச் செடி ஒன்றுக்கும் அருள்நோக்கம் செய்து முத்தி காட்டினார். அந்த முள்ளிச் செடி என்ன தவம் செய்தது? பூசைநீர் வழிந்தோடும் இடத்திலே நின்றது. வழிந்ததை வேரில் ஏற்றது. வேறொன்றும் செய்யவில்லை.

இந்த வரலாற்றை முப்பது ஆண்டுகளாக மேடைதோறும் சொல்லி வந்தவன் அடியேன். கேட்டவர்கள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். மாலையும் பொன்னாடையும் எனக்கு வந்திருக்கின்றன. இனி நான் சொல்லப்போவது என் குறை.

அறுபதாண்டு நிறைவுக்குப் பின், எனக்கும் அந்த இளைஞரைப் போலவே ஓர் எண்ணம் தோன்றியது. வெள்ளாற்று முகத்துக்கு அருகே, அன்பர் ஒருவருக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. அதிலே ஒரு கீற்றுக் கொட்டகை. ஒரு மண்டலம் தனித்திருந்து பூசை செய்வது, ஒருவேளை தானே சமைத்து உண்பது, எவரிடமும் ஒன்றும் கேளாதிருப்பது என்று உறுதி செய்துகொண்டு போனேன். அரிசியும் பயறும் பூசைப்பெட்டியும் இரண்டு ஏடும்தான் கொண்டுபோனவை. கடலோசை, சவுக்கிலே காற்றின் இரைச்சல், விடியலிலே பறவைகள். பத்து நாளில் மனம் அடங்கியதுபோல் இருந்தது. 'இன்றுதான் நான் எவரையும் சாராதவன்' என்று என் குறிப்பேட்டிலே எழுதினேன். அந்த ஏடு இன்றும் என்னிடம் இருக்கிறது, வெட்கத்தோடு வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு நாளும் நான் எழுந்து பார்க்கும்போது, கொட்டகை வாயிலில் ஒரு கட்டுச் சுள்ளியும் ஒரு குடம் நல்ல தண்ணீரும் இருக்கும். தோப்புக்காரர் ஏற்பாடு என்று எண்ணிக்கொண்டேன். எண்ணிக்கொண்டேன் என்பதுகூட மிகை. அதைப் பற்றி நான் எண்ணவே இல்லை. காற்று வீசுவதைப்போல, பொழுது விடிவதைப்போல, அது இருந்தது, எடுத்துப் பயன்படுத்தினேன்.

இருபத்திரண்டாம் நாள் சுள்ளியும் இல்லை; தண்ணீரும் இல்லை. தோப்புக் கிணற்றில் இறைத்தேன். உவர் நீர், வாயிலே வைக்க முடியவில்லை. அதிலே போட்ட பயறு வேகவே இல்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனைக் கேட்டபோது, "அந்த ஆயாவுக்கு ஒடம்பு சரியில்ல சாமி" என்றான். எந்த ஆயா? எனக்குத் தெரியாது. அவன்தான் வழி காட்டினான்.

குப்பத்தின் கடைக்கோடியிலே ஒரு குடிசை. அறுபது எழுபது வயதுள்ள ஓர் அம்மையார் சாக்கின்மேல் சுருண்டு கிடந்தார். உடம்பு நெருப்பாகச் சுட்டது. அரைக்கல் தொலைவில் உள்ள அடிகுழாயிலிருந்து அவர்தாம் விடியுமுன் எனக்குத் தண்ணீர் சுமந்திருக்கிறார். ஒருவரும் ஏவவில்லை, ஒருவரும் கூலி கொடுக்கவில்லை.

"ஏனம்மா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன்.

"என்னத்த சாமி சொல்றது? நீங்க கண்ண மூடிக்கினு குந்தியிருந்தீங்க. சாமி இருக்கிற எடத்துல அடுப்பு எரியாம இருக்கக் கூடாதுன்னு கொண்டாந்து வச்சேன்" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டிருந்தேனாம்! பல்லக்கைப் பார்த்து மறைஞான சம்பந்தர் சொன்ன சொல், எனக்கு அந்த அம்மையார் வாயிலாகக் கிடைத்தது. முப்பது ஆண்டு சாம்பான் வரலாறு பேசிய நாவுக்கு, என் வாயிலில் சாம்பான் நின்றது தெரியவில்லை. அவர் சினந்து சொல்லவில்லை என்பதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

ஆட்டோ ஒன்று வரவழைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். ஐந்தாறு நாளில் எழுந்தார். மண்டலத்தில் எஞ்சிய நாட்களெல்லாம் நானே அடிகுழாய்க்குப் போனேன். என் குடம் ஒன்று, அவர் குடம் ஒன்று. பழக்கமில்லாத தோள், முதல் நாள் பாதி வழியிலேயே தண்ணீர் தளும்பி வேட்டி நனைந்தது. குப்பத்துப் பெண்கள் சிரித்தார்கள். பூசைக்கு உட்காரும் நேரம் குறைந்தது. ஆனால் பூசை குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் பெயரை அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சபையிலே சொல்ல அவர் விரும்பமாட்டார், ஆகையால் சொல்லவில்லை. நாள்தோறும் பூசை முடிவிலே சொல்லிக்கொள்கிறேன்.

அன்பர்களே, நமக்கெல்லாம் பொதுவாக வந்த ஒரு பாடமும் உண்டு. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் விடியலில் நம் கடலூரை ஒரு புயல் தாக்கியது. அதன் பெயர் என்ன? 'தானே'. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும், பாட்டன் காலத்து மரங்களெல்லாம் ஒரே காலையில் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்காக விளக்கில்லை, குழாயில் நீரில்லை. விரும்பாமலே நாம் எல்லோரும் வனவாசிகள் ஆனோம். அப்போது நம்மில் யார் தானே பிழைத்தோம்? வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரியத் தொழிலாளர் வந்து, சேற்றிலே நின்று கம்பம் நட்டார்கள். கிணறு வைத்திருந்தவர் வீட்டு வாயிலில் தெருவே குடத்தோடு நின்றது. அவர் கதவைத் திறந்து வைத்தார். 'தானே' வந்து நமக்குச் சொல்லிப் போனது, தானே ஆவது ஒன்றுமில்லை என்பது. அதற்கு ஏழாண்டு முன்னர், 2004இல் ஆழிப்பேரலை வந்தபோது, பிச்சாவரத்துக் கழிக்காடு தனக்குப் பின்னால் இருந்த குப்பங்களுக்கு அரணாக நின்றது. நச்சுப் பால் மரம் என்று நாம் ஒதுக்கிய தில்லையும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. காட்டிலே எந்த மரமும் தனியாக நின்று அலையைத் தடுக்கவில்லை; வேரோடு வேர் பின்னி நின்றதால் தடுத்தது.

இப்போது அந்த இளைஞருக்கு என் விடை. அவர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கவும் கூடும்.

தம்பி, போங்கள். தாராளமாகப் போங்கள். மண்ணைக் கொத்துங்கள், உங்கள் கையால் விளைத்து உண்ணுங்கள். குறைந்த பொருளோடு வாழ்வது சைவத்துக்கு மிகவும் உகந்தது. உழவாரத்தின் முனையிலே பொன்னும் மணியும் தட்டுப்பட்டபோதும், அவற்றைக் கல்லோடு கல்லாக வாரிக் குளத்திலே எறிந்தவர் நம் அப்பர். பல்லக்கை விட்டு இறங்குங்கள், அதுதான் துறவு. விடவேண்டியது பல்லக்கைத்தான், பல்லக்கு சுமந்த மனிதரை அல்ல. எவரையும் சாராமல் வாழ்வேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். கிணறு வெட்டும்போது ஆழத்திலே இறங்குகிறவர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கூரைக்குக் கீற்று முடைந்தவர் எந்த ஊர் என்று அறிந்துகொள்ளுங்கள். வேலி போட்டால் அதிலே ஒரு வாயில் வையுங்கள். உங்கள் கிணற்று நீர் இனிதாயிருந்தால் அந்த வாயிலைத் திறந்து வையுங்கள். உபமன்யுவைப் போல் ஒரு பிள்ளை அழுதால், என் தவம் கெடுகிறது என்று சொல்லாதீர்கள். இவ்வளவும் செய்தால் உங்கள் மூன்று ஏக்கரும் தில்லைவனந்தான்.

தாய்மார்களே, பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். இன்று இரவு மகேசுவர பூசை நடக்க இருக்கிறது. அதோ, மடைப்பள்ளியின் பின்புறத்திலே புகை தெரிகிறது. காலையிலிருந்து அங்கே சிலர் காய் நறுக்குகிறார்கள், அடுப்பூதுகிறார்கள், அண்டா தேய்க்கிறார்கள். சுவாமி வீதி வந்ததை அவர்கள் பார்க்கவில்லை. நாம் பார்க்கும்படி அங்கே இருந்தார்கள். இலையில் அமருமுன் ஒருமுறை பின்பக்கம் போய், அவர்களுடைய பெயர்களைக் கேளுங்கள். அவர்களை முதல் பந்தியிலே உட்காரச் சொல்லி, நீங்கள் பரிமாறுங்கள். தோன்றாத் துணைநாதர் சன்னிதியிலே அதைவிடப் பொருத்தமான வழிபாடு அடியேனுக்குத் தெரியவில்லை.

பிழை பொறுத்தருள்க. பெரியநாயகி அம்மை உடனாய பாடலேசுவரப் பெருமான் திருவருள் எல்லோர்க்கும் பெருகுக.

திருச்சிற்றம்பலம்.